இரண்டு துடுப்பு

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப்
பத்து நிமிடம் பொறு என்றது காகிதம்.
மைலோ கலக்கிக் குடித்தேன்.
ஏர்பேக் சோபாவில் மல்லாந்து கிடந்தது.
எழுப்பிவிடாதே என்றேன் பூனையிடம்.

ஸ்டியரிங்கின் வயிற்றுக்குள்
மஞ்சள் கம்பி, பச்சைக் கம்பி,
காகிதத்தில் இல்லாத ஒரு பழுப்பு.
"பழைய சிட்டிக்கு எதுக்கு லா ரேஸ் கியரு?"
வேலிக்கு அப்பால் தவனேசன்.
என் வாயில் திருகாணி.
பத்தாம் நம்பர் சாக்கெட்டைக் காணோம்,
வழக்கம்போல.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
விடியலில் பீடோர் சாலை.
முன்னால் செம்பனைக் குலை லாரி, நகரவே இல்லை.
கியர் குறைக்க இடது துடுப்பை இழுத்தேன்.
கூடியது.
மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.

அவிழ்த்துச் சரிசெய்யலாம்.
வேண்டாம்.
அடிக்கடி இரவல் கேட்கும் தம்பிக்கு
இது பிடிபடாது.

வலது விரல்.
உறுமியது.
லாரி கண்ணாடிக்குள் போய்ச் சிறுத்தது.