படத்தில் இல்லாத பக்கம்

கொள்முதல் நிலையத்துக்குக் கட்டடம் இல்லை என்று
எழுதிக் கேட்டபோது
எரிஞ்ச அரண்மனையின் பின்கட்டைக் கொடுத்தார்கள்.
சாவி தரவில்லை. கதவே இல்லை.

மூன்று பருவமாக இங்கே பட்டியல் எழுதுகிறேன்:
நாற்பது கிலோ சிப்பம், சாக்குக் கணக்கு,
பட்டா நகல், ஈரப்பதம்.
என் முதுகுக்குப் பின்னால் முன்வாசல்.
எட்டு வளைவில் ஐந்து நிற்கிறது.

குமாரசுந்தரம் கட்டியது.
கோரையாற்றின் இரு கரையிலும்
அறுநூறு வேலி இருந்த காலம்.
கப்பலில் வந்த படப்புத்தகம் ஒன்றில்
பிளாரன்ஸ் நகரத்து மாளிகையைப் பார்த்து
'இதேதான்' என்று பக்கத்தைக் கிழித்து
கொத்தனார் இருசப்பன் கையில் கொடுத்தாராம்.

இருசப்பன் அதுவரை கட்டியது
இரண்டு மதகு, ஒரு மண்டபம், மற்றதெல்லாம் களஞ்சியம்.
படத்தை ஒரு மாதம் மடியிலேயே வைத்திருந்தார்.
பிறகு, கல்லே கிடைக்காத இந்த வண்டலில்
கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்பைப் பூசி
செங்கல் சுவரைக் கருங்கல் மாதிரி
கோடு கீறிக் காட்டினார்.
சிங்கத்தை அவர் பார்த்ததில்லை.
வாசல் வளைவின் உச்சியில் இன்றைக்கும்
பிடரி முளைத்த ஒரு காளைமாடு
ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.
பின்பக்கம் எப்படி என்று கேட்டதற்கு
"அங்கே யார் வந்து பார்க்கப் போறா" என்றாராம் பண்ணை.
அதனால் பின்கட்டு இருசப்பனுக்குத் தெரிந்தபடி:
தடித்த சுவர், தாழ்ந்த தளம்,
கைக்கு எட்டாத உயரத்தில் காற்றோட்டைகள்.

ஐம்பத்திரண்டு பங்குனியில் எரிந்தது.
ஆடியில் பிடித்திருந்தால்
ஆறே வாசலுக்கு வந்திருக்கும்.
பங்குனியில் மேட்டூரை மூடிவிட்டார்கள்,
கோரையாறு வெறும் மணல்.
முன்கூடத்து நீரூற்றில் சுதை மீன்
சொட்டில்லாமல் வாய்பிளந்து கிடந்தது.
மணலில் ஊற்றுத் தோண்டி
செம்பு செம்பாய்க் கொண்டுவந்தோம் என்பவர்கள் உண்டு.
ஒருத்தரும் செம்பைத் தொடவில்லை என்பவர்களும் உண்டு.

முதலில் பிடித்தது கணக்கறை,
முன்கட்டும் பின்கட்டும் சேருமிடம்.
கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு,
அப்பன் வைத்த கைநாட்டின் கீழே மகன் வைத்த கைநாட்டு.
பண்ணையாள் சட்டம் வருது என்று
பேச்சு அடிபட்ட வருஷம் அது.
பண்ணைக் குடும்பம் கைகாட்டியது கீழத்தெருவை.
கீழத்தெருவில் கேட்டால்
கணக்குப்பிள்ளை நாகலிங்கம் அன்று மாலையே
பெண்டு பிள்ளையோடு வண்டி கட்டிப் போனதை
நிதானமாகச் சொல்லிவிட்டு
உரம் வந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள்.
தீயணைப்புப் பதிவேட்டில் இருப்பது ஒரே வரி:
காரணம் தெரியவில்லை.
அழகான கையெழுத்து.

தீயில் விழுந்தது இரண்டு வளைவுதான்.
மிச்சத்தை ஆட்கள் தின்றார்கள்.
கருகாத தேக்கு உத்திரங்கள்
நீடாமங்கலத்தில் ஒரு கொட்டகைக்கு விட்டமாயின.
பளிங்குத் தரை, பலகை பலகையாகப் பெயர்ந்து,
படித்துறையில் துணி துவைக்கப் போனது.
பதினொரு வாரிசு, நாலு வழக்கு,
வாய்தாவுக்கு வாய்தா ஒரு ஆலங்கன்று தடித்தது.
கஜா அடித்த ராத்திரி மூன்றாவது வளைவும்
ஆலமரத்தோடு சாய்ந்தது.

போன தையில் அறுவடை நேரத்து மழை.
களத்தில் எண்ணூறு மூட்டை,
தார்ப்பாய் பாதிக்குக்கூடப் போதவில்லை.
சுமைக்காரர்களோடு நானும் தூக்கினேன்,
விவசாயிகளும் தூக்கினார்கள்.
முன்கட்டு முழுக்கத் தண்ணீர்,
ஐந்து வளைவு வழியாகவும் கொட்டியது.
பின்கட்டில் ஒரு இடத்திலும் ஒழுகவில்லை.
விடிய விடிய அண்ணாந்து பார்த்தேன்,
இருசப்பனின் கைரேகை எங்காவது
சுண்ணாம்பில் தெரிகிறதா என்று.

காகிதம் நனையாத இடம் தேடி
பட்டியல் புத்தகத்தைக் கணக்கறை மாடத்தில் வைத்தேன்.
அதிலிருந்து அங்கேதான்.
மாடம் இன்னும் கரி. கை பட்டால் ஒட்டும்.
பயத்தில் நானே எழுதி ஒட்டினேன்:
'இங்கு தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது.'

கீழத்தெரு அம்சவள்ளி,
இரண்டு ஏக்கர், பட்டா அவள் பெயரில்,
முப்பத்தாறு மூட்டை கொண்டுவந்தவள்
அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
மாடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சத்தமாகச் சிரித்தாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஈரப்பதம் பதினாறரை
என்று எழுதினேன்.