திருஷ்டி

லைசென்ஸ் புதுப்பிக்கக் கண்சான்று கேட்டார்கள்.
சுவரில் தொங்கிய எழுத்துகளைக்
கடைசி வரி வரைக்கும் ஒப்பித்துவிட்டேன்,
பாதி ஞாபகத்திலிருந்து.
போன தடவையும் இதே அட்டைதான்.

டாக்டர் நஸ்ரின் சின்னப் பெண்.
கையெழுத்துக்கு முன்னால் ஒரு வேடிக்கை காட்டினார்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கூட்டல் குறி,
நாலு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி.
இடக்கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள் அண்ணே,
கூட்டலையே பார்த்தபடி
தாளை மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள்.

கொண்டுவந்தேன்.
புள்ளி போய்விட்டது.
போன இடத்தில் வெறும் தாள், வெள்ளை வெளேரென்று.

'எல்லாருக்கும் உண்டு, பிறவியிலேயே.
பக்கத்தில் என்ன இருக்கிறதோ
அதைக் குழைத்து மூளை பூசிவிடும்.
வலக்கண் விட்டதை
இடக்கண் பிடித்துக்கொள்ளும், பயப்படாதீர்கள்.'

பார்வை சரி என்று எழுதிக் கொடுத்தார்.
நான் எழுந்திருக்கவில்லை.

பாமணியாற்றுப் பாலம் இறங்கினால் வலதுகை வளைவு.
எங்கள் முதலாளியின் முன்கண்ணாடி இப்படி:
மேலே ஒரு முழத்துக்கு அவர் மகள் பெயர்,
அதன்கீழ் மூன்று மதத்துச் சாமிகளும் தோளுரசி,
வெள்ளிக்கு வெள்ளி மாறும் கதம்ப மாலை,
கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய்.
மிச்சம் இருப்பது எனக்கு.
வலது ஓரத்தில் தூண், ஒரு கை அகலம்.
அதைக் குற்றம் சொல்லி என்ன,
கூரையைத் தாங்குகிறது.

போன கார்த்திகை. சம்பா முழங்காலுக்கு மேல்.
பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்:
வளைவு முழுக்கப் பயிர்,
ஒரு இடம் விடாமல் பச்சை.
அந்தப் பச்சையில் ஒரு பாகம்
வேம்புவின் சேலை.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்
பாடாத இரண்டு நொடி இருக்குமே,
அதில்தான் சைக்கிள் மணி கேட்டது.
காது பார்த்த பிறகே கால் பிரேக்கை மிதித்தது.

களையெடுக்கப் போனவள்
சைக்கிளோடு வாய்க்காலில் கிடந்தாள்.
தூக்குவாளிக் கஞ்சி தண்ணீரில் வெளுத்துப் பரவியது.
ஏறி வந்தாள்.
சேற்றுக் கையால் கண்ணாடியில் ஓங்கி அறைந்து
'கண்ணு தெரியலியாய்யா?'
தெரியுது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

துடைக்க வந்தான் கண்டக்டர் இளங்கீரன்.
வேண்டாம் என்றேன், ஏன் என்று தெரியாமல்.
மன்னார்குடி வரைக்கும்
காய்ந்து வெடித்த அந்த ஐந்து விரலின்
இடுக்கு வழியாக ஓட்டினேன்.

பழத்தையாவது அவிழ்த்துவிடலாம் என்று
முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன்.
இடக்கண்ணுக்கு நேரே ஆடுகிறது என்றேன்.
'வண்டிக்குக் கண்ணு பட்டுடும்டா' என்றார்.

இப்போது வளைவு வந்தால்
ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து
தூணைத் தாண்டித் தலையை நீட்டுகிறேன்.
அங்கே ஒரு வீரன் கோயில் உண்டு, கூரை இல்லாதது.
நான் கும்பிடுகிறேன் என்று
பின்சீட்டில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.
இளங்கீரன் பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறான்.
நல்லதுதான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று அவள் நின்றாள்,
சைக்கிளை விட்டிறங்கி, வண்டி போகட்டுமென்று.
அதே சேலை.
நான் தலையைத் தாழ்த்தி நீட்டியதும்
யாருக்கு இந்தக் கும்பிடு என்று
திரும்பிப் பார்த்தாள் பின்னால்.
பயிர்தான் இருந்தது.