பதினேழு

நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன், பருவத்துக்கு மட்டும்.
ஈரப்பதம் பதினேழுக்குள் என்றால் எடைக்குப் போகும்,
மிஞ்சினால் களத்தில் கிடந்து காயும்.

ஞாயிறு பத்து மணிக்குத் தஞ்சாவூரில்
கால்பந்து நடுவர் தேர்வு.
அங்கேயும் விதிகள் பதினேழு.
யார் யாரைப் பார்த்து எண்ணினார்களோ.

முட்டி போனபின்
கோட்டுக்கு உள்ளே போக எனக்கு
வேறு வழி கிடையாது. அதனால் படிக்கிறேன்:
ரசீதுக் கட்டுக்கு அடியில் ஜெராக்ஸ் தாள்கள்.
பந்தின் சுற்றளவு எழுபது சென்டிமீட்டருக்கு மேல் கூடாது.
கொடிக்கம்பம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது.
ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே கூடாது.
எண்களை மனசு நன்றாக வாங்கிக்கொள்கிறது,
வேலை அப்படி.

இன்பராணி போனில் கேள்வி கேட்பாள்.
பெனால்டி அடித்த பந்து வழியிலேயே வெடித்தால்?
மறுபடி அடிக்கணும்.
நாய் உள்ளே வந்து பந்தைத் தட்டிவிட்டால்?
நிறுத்தி, பந்தைக் கீழே விட்டுத் தொடங்கணும்.
இங்கே குவியலுக்குக் குவியல்
ஒரு நாய் தூங்குகிறது,
யாரும் எதையும் நிறுத்துவதில்லை.

ஆஃப்சைடுதான் ஏறவில்லை.
பக்கிரிசாமி அண்ணனிடம் சொல்லி
நாலு மூட்டைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தினேன்.
இது கோலி. இது கடைசிக்கு முந்தின ஆள்.
பந்தை உதைக்கிற அந்தக் கணத்தில்
தலையோ உடம்போ காலோ
இவனைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு.
சமமாக நின்றால் இல்லை.
"கை தாண்டினா?"
கை கணக்கில்லை அண்ணே.
"கையைக் கணக்குல எடுக்காத சட்டமா" என்று
கொக்கியைக் குத்தி
என் கோலியைத் தூக்கி லாரியில் போட்டார்.

வியாழக்கிழமை ஆதிச்சபுரத்து அஞ்சம்மாளின் முறை.
ஐந்து நாளாகக் குவியலின் பக்கத்திலேயே படுக்கை.
கருவியில் மூன்று இடத்து நெல்லைப் போட்டேன்:
பதினேழு புள்ளி ஆறு.
பதினாறு புள்ளி ஒன்பது.
பதினேழு புள்ளி மூன்று.
பந்து முழுசாக, கோட்டை முழுசாகத் தாண்டினால்தான்
வெளியே. இம்மி ஒட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே.
அது ஒன்பதாம் விதி. நெல்லுக்கு அப்படி ஒன்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பொத்தானின் மேல் இருந்த கட்டைவிரலைப் பார்த்தார்.
"நாளைக்கு இன்னொரு வெயில் காட்டுங்க" என்றேன்.

அன்றிரவு, தை மாதத்தில், மழை.
தேர்வுக்கென்று வாங்கிய விசிலை
முதன்முதலாக ஊதினேன். ஷெட்டில் தூங்கியவர்கள்
எழுந்து ஓடிவந்தார்கள், தார்ப்பாயை இழுத்தோம்,
ஒரு முனை காற்றோடு போனது.
காலையில் கருவி இருபது காட்டியது.
அஞ்சம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.
நனைந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே
அந்தக் கடைசிக்குப் போனார், வந்தார், மறுபடி போனார்.

அட்வான்டேஜ் என்று ஒன்று இருக்கிறது.
தவறைப் பார்த்தும் ஊதாமல் ஆட்டத்தை விடலாம்;
நினைத்த பலன் வராவிட்டால்
சில நொடிகளுக்குள் திரும்பிவந்து ஊதலாம்.
சில நொடி. ஓர் இரவு இல்லை.
அதே ஐந்தாம் விதியில் இன்னொன்று:
தன் முடிவு தவறென்று தெரிந்தாலும்
ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் மாற்றக் கூடாது.
இதை அடிக்கோடிட்டேன். தாள் கிழிந்தது.

ஞாயிறு. நீடாமங்கலத்தில் கேட் மூடிவிட்டார்கள்.
பேருந்தில் பாதிப் பேர் இறங்கி டீக்குப் போனார்கள்.
வீணான நேரத்தை எவ்வளவு கூட்டுவது என்பது
நடுவரின் பொறுப்பு; இங்கே யார் நடுவர்?
சரக்கு வண்டி வந்தது, மெதுவாக,
நெல் ஏற்றிய பெட்டிகள். பழக்கம், எண்ணினேன்.
நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா,
ஒரு பெட்டி சந்தேகம்.
பக்கத்து சீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.
தூங்கிக்கொண்டிருந்தார்,
டிக்கெட்டை இறுக்கிப் பிடித்தபடி.