ஒரு சாண்

பதினான்காம் குழிக்குப் போகும் வழியில்
என் பந்து ஒரு வேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது,
கடன் கொடுத்தவனைக் கண்டவன் மாதிரி.

ஜூன் மாதம். காலை எட்டு மணிக்கே பினாங்கு
வேகத் தொடங்கியிருந்தது.
ஈப்போவிலிருந்து இருட்டோடு கிளம்பி
பாலம் தாண்டி வந்து
பசியாற உட்கார்ந்த கோப்பிக் கடையில்
பூன் ஹெங்தான் பந்தயத்தை எடுத்தான்:
ஜெயிக்கிறவன் இன்றைக்குப் பர்ஸைத் திறக்கக் கூடாது.
சோறு, தண்ணி, டுரியான்,
எல்லாம் மற்ற மூவர் பாடு.
இளவேந்தன் ரொட்டியைக் குழம்பில் மூழ்கடித்தபடி
சரி என்றான். அவன் எதற்கும் சரி என்பான்.
கபூர் மட்டும் தே ஓவை முடித்துவிட்டு
கையுறையை விரல் விரலாக மாட்டினான்.
வங்கியில் முப்பது வருஷம்.
கணக்கு என்றால் அவனுக்கு விளையாட்டில்லை.

முதல் ஒன்பது சிரிப்பிலேயே போயிற்று.
இளவேந்தன் அடித்தது குளத்தில் விழுந்து
ஓர் உடும்பை எழுப்பியது.
நிலப் பட்டா வைத்திருப்பதைப் போல அது எங்களைப் பார்த்தது,
பிறகு மூங்கில் பக்கம் நடந்தது,
அவசரமே இல்லாமல்.
வேர்க்கடலைப் பொட்டலம் குரங்கோடு போனது.
பூன் ஹெங் மலாயில் திட்டினான்,
ஹொக்கியனில் திட்டினான்,
எங்களிடம் கற்ற தமிழில் திட்டியபோதுதான்
குரங்கு திரும்பிப் பார்த்தது.

பதினான்கில் நானும் கபூரும் சமம்.

மூவரும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம்.
கேடி கோகிலம் மேட்டில் நின்று
என் ஏழாம் நம்பர் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.
நாடா அவிழ்ந்திருக்கவில்லை.
நிமிர்ந்தபோது
பந்துக்கும் வேருக்கும் நடுவே
ஒரு சாண் புல்.

கோகிலம் மட்டையை நீட்டினாள்.
"நல்லா நிக்குது சார்."
அவ்வளவுதான் சொன்னாள்.

ஓர் அடியில் ஜெயித்தேன்.
பக்கி நிறுத்துமிடத்தில் அவளிடம் ஐம்பது வெள்ளி கொடுத்தேன்.
"இருபதுதான் சார் கணக்கு" என்று
முப்பதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்,
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைப்பது போல.
பையில் அது
சாயங்காலம் வரை சூடாகவே இருந்தது.

பிறகு விருந்து.
ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா,
புளிப்பு மூக்கின் வழியே ஏறி
மண்டையில் ஒரு சன்னலைத் திறந்தது.
எனக்கும் பூன் ஹெங்குக்கும் பீர்,
கபூருக்கு ஜாதிக்காய்ச் சாறு,
இளவேந்தனுக்கு இரண்டும்.
இரவில் நாசி கண்டார்:
'பஞ்சிர்' என்று ஒரு சொல் போதும்,
ஐந்து குழம்பும் அணை உடைத்துச் சோற்றில் இறங்கும்.
மீன்முட்டை, வெண்டைக்காய், பொரித்த கோழி.
கபூர் எழுந்து போய்ப் பணம் கட்டினான்,
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணினான்.
ஒரு முணுமுணுப்பும் இல்லை.
முணுமுணுத்திருந்தால் தேவலை.

பாலிக் பூலாவ் ஓரத்துக் கடை.
கத்தி இறங்கியது, பழம் பிளந்தது.
முதல் சுளை ஜெயித்தவனுக்கு என்றார்கள்.
மஞ்சள், கொழகொழவென்று,
முதலில் இனித்துக் கடைசியில் கசக்கும் வகை.
அதைத்தான் எல்லோரும் விலை கொடுத்துத் தேடுவது.
தின்றேன். மறுபடியும் தின்றேன்.

"ஓட்டுல தண்ணி ஊத்திக் கழுவு, வாடை போயிடும்"
என்று கபூரே குழிந்த ஓட்டை நிரப்பித் தந்தான்.
"அது சரி,
அந்த வேருக்குப் பின்னாலேருந்து எப்படிடா எடுத்தே?
சொல்லிக் குடுறா."
நிஜமாகவே கேட்டான்.

ஈரக் கையோடு எழுந்து
இல்லாத மட்டையைப் பிடித்து
தோளைத் திருப்பினேன், இடுப்பைத் திருப்பினேன்.
மூன்று பேரும் பார்த்தார்கள்.
கடைக்காரனும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
இளவேந்தன் எழுந்து என்னைப் போலவே செய்து பார்த்தான்.

காலை மட்டும்
நான் அசைக்கவில்லை.