இரண்டு மணித் தீனி

சித்திரை. சவரிக்காட்டு வளைவில்
கண்ணாடி ஏற்றிய கார்கள்
குளிரைத் தேடிக் கொடைக்கானல் ஏறுகின்றன.
எங்கள் தகரக் கூரைக்கு அடியில்
இரண்டாயிரத்து நூறு அலகுகள்
மூட மறந்து கிடக்கின்றன.

கம்பெனி நாட்ராயன் வந்து
செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தார்.
தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.
"இந்த வெயிலுக்கு இவ்வளவு புரதம் ஆகாதும்மா.
செரிக்கச் செரிக்க உள்ளேயே அடுப்பு எரியும்.
சோயாவைக் குறைச்சு, லைசினும் மெத்தியோனினும் சேர்த்த மூட்டை
திங்கக்கிழமை வரும்."
"எடை?" என்றேன்.
அவர் பைக் சாவியைத் தேடினார்.

திங்கள் வரை
காலை பத்து மணிக்கே
தட்டுகளை உயரத் தூக்கிக் கட்டினேன்.
பசியாவது ஆறும், சூடு ஆறாது.
சாக்கு நனைத்துத் தொங்கவிட்டேன்.
தண்ணீரில் வெல்லம், உப்பு.
ஒரு கோழி மட்டும்
கழுத்தைச் சாய்த்து
கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது
பொழுது சாயும்வரை.

இரவு இரண்டு மணி.
பெருமாள்மலையிலிருந்து காற்று இறங்குகிற நேரம்.
விளக்கைப் போட்டுத் தட்டை இறக்குகிறேன்.
முறத்தில் கொள்ளு புடைப்பதுபோல் சத்தம்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.
மதியம் தொடாத சோற்றையும் அவிச்ச முட்டையையும்
அங்கேயே நின்று தின்றேன்.
"இந்நேரத்துலயா, பிலோமி?" என்றார் வீட்டுக்காரர்.
"இப்பத்தான் உள்ளே இறங்குது."

நாற்பதாம் நாள் எடை போட்டார்கள்.
சராசரி ஒன்றே முக்கால் கிலோ.
பிடித்தம் போகக் கைக்கு வந்த கூலி
கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கக் காணும்,
ஒரு பக்கம் மட்டும்.

லாரி
கார்களுக்கு எதிரே வளைந்து வளைந்து
பழனி வெயிலுக்குள் இறங்கியது.