ரசீது இல்லை

டெட்லெஃப் எழுதியதை நான் படித்ததில்லை.
அவர் ஒட்டி அனுப்பிய ரசீதுகளைப் படித்திருக்கிறேன்,
ஹாம்பர்க்கில், நான்காம் மாடியில்,
கணக்குப் பிரிவின் ஜன்னலோர மேஜையில்
இருபத்தாறு வருடம்.

பெய்ரூட்: மெழுகுவத்தி, இரண்டு டஜன்.
காபூல்: கழுதை வாடகை, மூன்று நாள்.
அதே கழுதைக்கு நஷ்ட ஈடு.
கின்ஷாசா விமான நிலையம்: காபி, இருநூறு டாலர்.
என்ன காபி என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் பூட்ஸ் மட்டும் நான்கு ஜோடி.
எந்தப் போர் மலையில், எந்தப் போர் சேற்றில் என்று
அதை வைத்தே சொல்லிவிடுவேன்.
அவர் கட்டுரை அட்டைக்கு வந்த வாரங்களில்
மேல்மாடியில் ஷாம்பெய்ன் திறப்பார்கள்.
அந்த பில்லும் என்னிடம்தான் வரும்.

தொண்ணூற்று மூன்றில், அங்கோலா, ஹுவாம்போ:
மொழிபெயர்ப்பாளர் அபிலியோ, எண்பது மார்க்.
நகரத்தின்மீது ஐம்பத்தைந்து நாள்
குண்டு விழுந்துகொண்டிருந்தது.
ஒரு மாதம் எதுவும் வரவில்லை.
பிறகு, வேறொரு மையில்:
பலகை, ஆணி, குழி வெட்டக் கூலி,
ஒரு மூட்டை சோளமாவு.
ரசீது இல்லை.

அடுத்த மாதம்
மொழிபெயர்ப்பாளர் அபிலியோ, எண்பது மார்க்.
லுபாங்கோ மிஷன் வழியாக, டொமிங்காஸ் கையில்.

டெட்லெஃப் அப்போது சரயேவோவில்.
பிறகு க்ரோஸ்னி, பிறகு டிலி.
டிலி ஒன்றில்தான் போர்த்துக்கீசியத்துக்குக் கொஞ்சம் வேலை.
எனக்குத் தெரியாதா,
உலகப்படம் என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழேயே கிடந்தது.

மார்க் யூரோவானபோது
நாற்பது யூரோ தொண்ணூறு செண்ட் என்று வந்தது.
நாற்பத்தொன்றாக்கினேன். அது என் முடிவு.

தணிக்கைக்கு வந்த பையன் பென்சிலால் வட்டம் போட்டான்.
யார் இந்த ஆள், திருமதி ஹார்ம்சன்?
எல்லா ஊரிலும் இருக்கிறாரே.
மூத்தவர், என்றேன்.
அவரில்லாமல் எங்களுக்கு ஒரு சொல் புரியாது.

பிரிவுபசாரத்தில் ஆசிரியர் பேசினார்:
முப்பத்தொரு நாடுகள்.
தவறு. ரசீதுப்படி முப்பத்து மூன்று.
டெட்லெஃப் கோப்பையோடு என் பக்கம் வந்தார்,
எதையோ சொல்ல வாயெடுத்தார்,
யாரோ தோளைப் பிடித்துப் படமெடுக்க இழுத்துப்போனார்கள்.

அடுத்த மாதம் முதல் தேதி,
உறை எதுவும் வராத மேஜையில்
படிவத்தை நானே எடுத்தேன்.
நாற்பத்தொரு யூரோ.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
மதியம் முழுக்க யோசித்தேன்.
மழை நின்றது, மறுபடி பிடித்தது.

காபி, என்று எழுதினேன்.