நான்கு பங்கு மாதிரி

டப்பா ஒன்று இரண்டாயிரத்து நானூறு.
மாதிரியை விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்,
சட்டம் அப்படி.
அரசாங்கத்தின் சார்பில் என் பணத்தை எண்ணி வைத்தேன்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுக் கடையில்
வினோபா ரசீது எழுதிக்கொண்டே சொன்னான்:
"நாலா எடுக்கிறீங்க மேடம்,
ஒரு ஷேக்கர் ஃப்ரீ."

டப்பாவின் மேல் ஒரு சிறுத்தை.
கீழே எறும்பெழுத்தில்
'இது மருந்தல்ல.'
அதற்கும் கீழே
'இதயக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும்.'
இத்தனை வருடத்தில்
நான் சோதித்த எந்தத் துவரம்பருப்புப் பொட்டலமும்
யாருடைய இதயத்தைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை.

அரக்கு வைத்தேன்.
வேலூர் மே மாதத்தில் அதற்குத் தீக்குச்சி வேண்டாம்,
ஜன்னலோரம் வைத்தால் போதும்.

டில்லிபாபு
பள்ளிகொண்டா டோல்கேட்டில் இரவு ஷிப்ட்,
விடிந்தால் நேதாஜி மைதானம்.
காவலர் தேர்வுக்கு
ஏழு நிமிடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.
அவன் ஏழு நிமிடம் பன்னிரண்டு நொடியில்
மாதக்கணக்காக நின்றிருந்தான்.
அந்தப் பன்னிரண்டு நொடிக்குத்தான் சிறுத்தை.

மூன்றாம் சுற்று வளைவில் விழுந்தான்.
கூட ஓடியவன் ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்து
பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினான்.
அது மறுநாள் காலைவரை ஓடியதாம்.

மருந்து ஆய்வாளர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"உணவுன்னுதானே போட்டிருக்கு, உங்க துறை."
எங்கள் மேலதிகாரி மூடியைத் திறந்து மோந்தார்:
"உள்ளே இருக்கிறது மருந்து, அவங்க துறை."
இரண்டு அறைக்கும் நடுவே
எட்டடி வராந்தா.
கடை அங்கேதான் இருக்கிறது,
சத்துவாச்சாரியில் இல்லை.

பதினான்கு நாளில் வர வேண்டிய அறிக்கை
நாற்பத்தொன்றாம் நாள் வந்தது.
'பாதுகாப்பற்றது.'
ஒரே சொல். அடியில் பச்சை மையில் கையெழுத்து.
தடை உத்தரவோடு போனபோது
வினோபா அலமாரியையே காட்டினான்.
சிறுத்தை இல்லை.
அதே உயரம், அதே சிவப்பு, அதே எறும்பெழுத்து.
மேலே ஒரு கழுகு.

உத்தரவில் சிறுத்தையின் பெயர் மட்டும்தான் இருந்தது.
பர்ஸைத் திறந்தேன்.
மறுபடி நாலு.

முதல் ஒன்பதாயிரத்து அறுநூறு
இன்னும் திரும்பவில்லை.
கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறது,
ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி:
'வாங்கிய பொருள் உணவா, மருந்தா?
தெளிவுபடுத்தி மீள அனுப்புக.'